நிலமும் பொழுதும்

(அண்மைக் காலத் தமிழ்த் திரைப்படங்களைக் குறித்துப் போடிக்கு அருகிலுள்ள சிலமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடிவதற்கு முன்னரே ஜீப்பில் ஏறிப் போடி மெட்டைக் கடந்து ஏலத்தோட்டத்திற்குச் சென்று, பகல் முழுவதும் தட்டைகளின் அடியில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்பிய தாய்மார்கள் பலர், உலை வைக்கும் வேலையையும் சற்றே ஒதுக்கிவைத்து இந்த மாலையில் இங்கு வந்து அமர்ந்திருப்பதைக் காணும்போது, பேச வந்த எனக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் பொறுப்புணர்ச்சியே மேலிடுகிறது. உங்கள் ஓய்வு வேளையில் ஒரு மணி நேரத்தைப் பெற்றுக்கொண்டு பேசுகிறவன், அந்த ஒரு மணி நேரத்திற்குத் தகுதியான ஒரு விஷயத்தையாவது சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள், அண்மைக் காலத்தில் வெளிவந்த திரைப்படங்களுள் எவை செவ்வியல் படைப்புகள் என்று அழைக்கத் தகுதியுடையவை என்பதாகும். இன்றைக்கு ‘கிளாசிக்’ என்ற சொல் மிக எளிதாக நம் நாவில் புரளுகிறது. வெள்ளிக்கிழமை வெளியான படத்திற்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பட்டத்தைச் சூட்டிவிடுகிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு படம் வந்தவுடன், முன்பு சூட்டிய பட்டத்தையும் அதைச் சூட்டிய நம் உற்சாகத்தையும் ஒருங்கே மறந்துவிடுகிறோம். வசூலால் ஒரு படம் பெருவெற்றி பெறலாம். பாட்டால் ஊரெங்கும் பரவலாம். நடிகரின் புகழால் திருவிழாக் கொண்டாட்டம் அடையலாம். இவை யாவும் அந்தந்தக் காலத்தின் நியாயமான சந்தோஷங்களே. ஆனால் செவ்வியல் என்ற மதிப்பை அளப்பதற்கு வேறொரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைத் தேடி நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

தொல்காப்பியனார் அகப்பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்தார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துத் தெய்வமும் உணவும் பறையும் தொழிலும் பிறவும். உரிப்பொருள் என்பது அவற்றின் நடுவே வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம். இம்மூன்றனுள் உரிப்பொருளே தலைமையானது என்பதும் அவர் கருத்தே. ஆயினும் நிலத்தையும் பொழுதையும் முதலாக வைக்காமல் உள்ளத்தைப் பாடினால், அந்த உள்ளம் காலூன்ற இடமின்றி அந்தரத்தில் நிற்கும் என்பதை நம் பழம்புலவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். என் அளவுகோல் இதுவே: எந்தத் திரைப்படம் ஒரு நிலத்தை அதன் மெய்யான உருவில் காட்டி, அந்நிலத்தின் உழைப்புக்கு ஆகும் பொழுதை வெட்டிச் சுருக்காமல் கொடுத்து, அவ்விரண்டின் மீதும் மனித உள்ளத்தை நிறுத்துகிறதோ, அது செவ்வியல் என்ற பெயருக்கு உரியது. ஆற்றங்கரையும் சிற்றூரும் கொண்டு புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ 1979-இல் அவ்வாறு நின்றது. சொந்தமாக ஒரு வீடு கட்ட முற்படும் ஒரு பெண்ணின் பிரயாசையைச் செங்கல் செங்கலாகக் காட்டிய பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் நின்றது. அப்படத்தில் பாட்டனாராக வரும் சொக்கலிங்க பாகவதர், முடியாத கட்டடத்தின் சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியை ஒரு முறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். இவை முன்னோர் வைத்த படிகள். அவற்றின் மேல் ஏறி நிற்கும் அண்மைக் காலப் படங்களையே இனிப் பார்க்கப் போகிறோம்.

முதலாவதாக நான் சொல்லும் படம், உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும் மலையைப் பற்றியது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ அது. ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர். இசையமைத்தவர் இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அடிவாரத்தில் வாழ்ந்து, மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் கீழே இருக்கும் ஊருக்கும் இடையே தலைச்சுமையாக மூட்டை சுமக்கும் ரங்கசாமி என்ற கூலித் தொழிலாளி, தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க விரும்புகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த விருப்பம் நிறைவேறுவதற்கு அவன் எத்தனை முறை மலை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதைப் படம் நமக்குச் சொல்லாமல், நம்மையே அவனோடு நடக்கவைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தாய்மாமன் ஒருவர் இளமையில் மெட்டுப் பாதையில் சுமை ஏற்றியவர். எழுபது வயதைக் கடந்த அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முதற்பகுதி முழுவதும் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாயகன் சுமையோடு ஏறும் காட்சி ஒன்றில் மட்டும், தம் கையைத் தம் முழங்காலின் மேல் அழுத்திக்கொண்டு, “மாப்ள, இவென் மூச்சு நெசமா வாங்குதுடா. காலப் பாரு, கல்லப் பாத்துப் பாத்து வைக்கிறான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சுமைய ஒசரமான பாறையில எறக்கணும். தரையில எறக்குனா ஒத்த ஆளாத் தூக்க முடியாது. தூக்கிவிட எவன் வருவான் அந்தக் காட்டுல?” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சும்மாடு வைத்த தலையின் ஞாபகம் அவருக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் போகவில்லை. அந்த ஞாபகத்தை ஒரு படம் பொய்யின்றி எழுப்பியது என்பதை, ஆயிரம் விமர்சகர்களின் புகழுரையைக் காட்டிலும் பெரிய சான்றாக நான் மதிக்கிறேன்.

அப்படத்தின் நாயகனுக்கு நிலம் கைக்கு எட்டும் தறுவாயில், விற்பவர்களின் வீட்டுச் சச்சரவால் பத்திரப்பதிவு நின்றுபோகிறது. சேமித்த பணத்தைப் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறிப் போகிறது. அந்த ஒரு மூட்டைக் காயின் அருமையை உங்களைப் போல் உணரக்கூடியவர்கள் இந்தத் தேசத்தில் வேறு யார்? சரத்தில் முற்றிய காயை மட்டும் தெரிந்தெடுத்து, இளங்காயைத் தொடாமல் விட்டு, மறு எடுப்புக்குக் காத்திருந்து, எடுத்ததை ஸ்டோரில் உலர்த்திப் பச்சை மாறாமல் காப்பாற்றி, பருமன் பார்த்துத் தரம் பிரித்துப் போடியின் ஏலத்திற்குக் கொண்டுபோகும் வரையில் எத்தனை கைகள் அதன் மேல் படுகின்றன! மூட்டை சிதறும் அந்தக் கணத்தில் நகரத்து ரசிகர் ஒரு நாயகனின் துரதிருஷ்டத்தைக் காண்பார். நீங்களோ அத்தனை கைகளின் உழைப்பும் பள்ளத்தில் கொட்டுவதைக் காண்பீர்கள். ஒரே காட்சி இருவகைப் பார்வையாளருக்கும் உண்மையாக இருக்கிறது. ஆனால் அறிந்தவர்களுக்கு அது இன்னும் ஆழமாக இருக்கிறது. செவ்வியல் படைப்பின் லட்சணங்களுள் இதுவும் ஒன்று.

பின்னர் அவன் நிலம் வாங்குகிறான். தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் சிக்கிச் சிறை செல்கிறான். விதைக்கும் உரத்திற்கும் பட்ட கடன் அந்த நிலத்தை விழுங்கிவிடுகிறது. இறுதியில் தன் நிலமாக இருந்த அதே இடத்தில் நிறுவப்பட்ட காற்றாலைக்குக் காவற்காரனாக, சீருடை அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். காமிரா மெல்ல மேலே எழும்புகிறது. மனிதன் சிறுத்துக்கொண்டே போகிறான். இறக்கைகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஒருவரும் அழவில்லை, ஒருவரும் பிரசங்கம் செய்யவில்லை. இக்காட்சிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. மொழிவாரி மாநிலங்கள் 1956-இல் அமைந்தபோது இம்மலையிலுள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மலை ஒரு மாநிலத்திலும் அதைச் சுமக்கும் தோள் மற்றொரு மாநிலத்திலுமாக இருந்தபோதும், மெட்டுப் பாதையில் நடை நிற்கவில்லை. அந்த நீண்ட சரித்திரம் முழுவதையும், ஒரு மனிதன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரே காட்சியில் அடக்கிக் காட்டியதை நான் பெருஞ்சாதனையாகக் கருதுகிறேன்.

குறை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. முற்பகுதியில் ஒவ்வொரு அடிக்கும் பொழுது கொடுத்த படம், பிற்பகுதியில் தொழிற்சங்கம், துரோகம், கொலை, சிறை ஆகியவற்றை அவசரமாகக் கடந்துபோகிறது. நடையாக வந்தவன் திடீரென்று வண்டியேறிவிட்டதைப் போன்ற உணர்வு அங்கே உண்டாகிறது. ஆயினும் இறுதிக் காட்சி மறுபடியும் பொழுதை நமக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. குறையைக் கண்டபின்னும் குன்றாத மதிப்புடையதையே நாம் செவ்வியல் என்று சொல்லவேண்டும்.

மலைநிலமாகிய குறிஞ்சியிலிருந்து வறண்ட நிலமாகிய பாலைக்கு வருவோம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தைக் கொள்கின்றன என்று இளங்கோவடிகள் உணர்த்தியதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மதுரைப் பக்கத்துச் சுடுவெயிலில் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’ அந்த இலக்கணத்திற்கு நம் காலத்து உதாரணம். குடிகாரத் தகப்பன் ஒருவன், கோபித்துக்கொண்டு பிறந்தகம் போன மனைவியை அழைத்துவரப் பள்ளியிலிருக்கும் மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். அவள் அங்கிருந்து கிளம்பிவிட்டாள் என்று அறிகிறான். பேருந்துக்கு வைத்திருந்த பணத்தைச் சிறுவன் கிழித்துப்போட, இருவரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். 2021-இல் நெதர்லாந்து நாட்டு ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் தலைமையான புலி விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் இது.

அந்தச் சிறுவன் தாகம் தெரியாமலிருக்க வழியில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து ஓரிடத்தில் போடுகிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவ்வளவுதான் காட்சி. இந்த நடை இன்றைக்கு நேர்ந்த ஒன்றன்று, எத்தனையோ முறை நேர்ந்தது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் குவியல் நமக்குத் தெரிவித்துவிடுகிறது. குழந்தையின் துயரத்தை எண்ணிக் காட்டுவதற்குக் கூழாங்கல்லைக் காட்டிலும் பொருத்தமான கணக்கு எதுவும் இல்லை. படத்தின் முடிவில், ஊற்றுக்குழியில் கசியும் நீருக்காகப் பெண்கள் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவராக முகந்து குடத்தில் ஊற்றுகிறார்கள். குடம் நிறைய ஆகும் நேரத்தைப் படம் அப்படியே கொடுக்கிறது. தண்ணீருக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த நேரம் நீளமாகத் தோன்றாது.

மூன்றாவது படம், உசிலம்பட்டிச் சீமையிலிருந்து வந்த எம். மணிகண்டன் இயக்கி 2022 பிப்ரவரியில் வெளிவந்த ‘கடைசி விவசாயி’. காது மந்தமான முதிய விவசாயி மாயாண்டியாக நடித்தவர், நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத நல்லாண்டி என்ற மெய்யான விவசாயி. குலதெய்வ வழிபாட்டுக்கு வேண்டிய நெல்லை விளைவிக்க அவர் நடவு செய்கிறார். தம் நிலத்தில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, அவற்றைக் கொன்றார் என்ற பழி சுமத்தப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார். அங்கும் அவருக்குத் தம்மைப் பற்றிய கவலை இல்லை; வாடும் பயிரைப் பற்றிய கவலையே இருக்கிறது. அந்தக் கவலையின் நியாயத்தை உணர்ந்த நீதிபதி, அவர் காவலில் இருக்கும் வரையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்படி காவலர் ஒருவருக்கு உத்தரவிடுகிறார். சட்டத்தின் பொழுது ஒன்று, பயிரின் பொழுது ஒன்று. வாய்தாவுக்காகப் பயிர் காத்திராது என்ற எளிய உண்மையின் மேல் இந்தப் படம் முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது.

படம் வெளிவருமுன்பே நல்லாண்டி காலமாகிவிட்டார். 69-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, மறைந்த அவருக்கும் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. அவர் நாற்றைப் பிடிக்கும் பிடியும், மண்ணைத் தொடும் தொடுகையும், ஒரு பதிலைச் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் மௌனமும் எந்தப் பயிற்சியாலும் வருவன அல்ல. ஓர் ஆயுள் முழுவதும் நிலத்தோடு வாழ்ந்ததால் உடம்பில் ஊறியவை. சத்யஜித் ராய் 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்தபோதும், அதற்கு முன் இத்தாலியில் டி சிகா 1948-இல் ‘சைக்கிள் திருடர்க’ளை எடுத்தபோதும், திரைக்குப் பழகாத முகங்களை நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு நம் மண்ணிலிருந்து எழுந்த சாட்சி நல்லாண்டி.

நிலமும் பொழுதும் என்றால் கிராமத்துப் படங்களை மட்டுமே இவர் ஒப்புக்கொள்கிறாரோ என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். அப்படியன்று. இதே மணிகண்டன் 2015-இல் தந்த ‘காக்கா முட்டை’ சென்னைக் குடிசைப் பகுதியின் கதை. காக்கை கூடுகட்டி முட்டையிட்ட மரமும், பிள்ளைகள் விளையாடிய வெற்றிடமும் அழிக்கப்பட்டு, அங்கே ஒரு பிட்சா கடை எழும்புகிறது. ரயில் பாதையோரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்கள், ஏறக்குறைய 300 ரூபாய் விலையுள்ள அந்தப் பண்டத்தைத் தின்ன ஆசைப்பட்டுக் காசு சேர்க்கிறார்கள். ஒவ்வொரு கூடைக் கரியும் எத்தனை காசு, அந்த ஆசை எத்தனை நாட்கள் என்பதே படத்தின் கணக்கு. நகரத்திலும் நிலம் பறிபோகிறது. நகரத்திலும் உழைப்பே பொழுதை அளக்கிறது. சிறந்த குழந்தைப் படத்திற்கான தேசிய விருதும், அவ்விரு சிறுவர்களாக நடித்தவர்களுக்குக் குழந்தை நட்சத்திர விருதும் கிடைத்ததோடு, திரையரங்குகளிலும் மக்கள் அப்படத்தைக் கொண்டாடினார்கள். ஆகவே மக்கள் விரும்பும் படமும் செவ்வியல் படமும் பகைகள் அல்ல.

ஐந்தாவதாக, மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. 2018 செப்டம்பரில் வந்தது. வேட்டை நாய்கள் குளித்து மகிழும் நீர்நிலையில் தொடங்கி, அவற்றுள் கருப்பி என்ற அன்பான நாய் தண்டவாளத்தில் மடியும் இடம் வரையில், நிலம் எல்லார்க்கும் பொதுவானதாக இல்லை என்பதை அப்படம் நமக்கு உணர்த்திவிடுகிறது. சட்டம் படிக்க வந்த இளைஞனைச் சாதியின் பெயரால் அவமதிப்பும் வன்முறையும் துரத்துகின்றன. அவன் பழிவாங்கக் கிளம்பவில்லை, பணிந்தும் போகவில்லை. நிமிர்ந்து நின்று உரையாடலுக்கு அழைக்கிறான். படத்தின் முடிவில் ஒரு பலகையின்மேல் இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றிடையே ஒரு மல்லிகைப் பூவும் காட்டப்படுகின்றன. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட குவளைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு, பெஞ்சுகளுக்கும் உண்டு. அந்தச் சரித்திரத்தை அறிந்தவர்கள் இக்காட்சியின் முன் மௌனமாக இருப்பார்கள். கலை ஒரு சமூகத்தின் மனச்சாட்சியைத் தீண்டும் விதம் இதுவேயாகும்.

இவை வந்து சில ஆண்டுகள்தானே ஆகின்றன, அதற்குள் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்பவர்களின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். இறுதித் தீர்ப்பைக் காலமே சொல்லும். ஆனால் காலம் தானாக எதையும் காப்பாற்றுவதில்லை. சங்கப் பாடல்கள் நமக்குக் கிடைத்தது, ஏடுகள் செல்லரிக்கும் முன்பே அவற்றைத் தேடியெடுத்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர்களின் உழைப்பினால்தான். திரைச்சுருள் ஓலையைக் காட்டிலும் விரைவில் அழியும் பொருள். தம் படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகள் பாழாகிவிட்டதைப் பாலு மகேந்திரா தம் இறுதி ஆண்டுகளில் வெளிப்படையாகச் சொல்லி வருந்தினார். 2014-இல் அவர் மறைந்தார். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்கிவருகிறது. தமிழுக்கென்று அத்தகைய ஒரு காப்பகம் வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற கோரிக்கை. எது நல்லது என்று இன்றைக்கே சொல்லிவைத்தால்தான், நாளைக்கு எதைக் காக்க வேண்டும் என்பது தெரியும். அந்த நோக்கத்தோடுதான் இந்த ஐந்து பெயர்களை உங்கள் முன் வைத்தேன்.

நம் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நட்டார்கள். வழிநடப்பவர் சுமையை அவற்றின்மேல் இறக்கிவைத்து இளைப்பாறி, வேறொருவர் உதவி இன்றி மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஒருவரின் துயரத்தில் பிறந்து, எண்ணற்றவர்களின் பாரத்தைத் தாங்கி, மழையிலும் வெயிலிலும் அசையாமல் நிற்கும் அந்தக் கல்லுக்கும், என் மாமன் தேடிய உயரமான பாறைக்கும், நான் இங்கே பேர் சொன்ன படங்களுக்கும் வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். தோட்டத்துக்கு விடுமுறையான ஒரு நாளில், பள்ளி மைதானத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை முறையான அனுமதி பெற்று ஊரே கூடிப் பாருங்கள். சுமை சுமந்த முதியவர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். படம் முடிந்தபின் அவர்களைப் பேசச் சொல்லி, பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தப் படம் செவ்வியலா அல்லவா என்று தீர்ப்புச் சொல்லும் முதல் உரிமை அவர்களுடையது.